மகளோடு மான் தேடி: பெங்களூர்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ராமமூர்த்தி நகர், ஸ்ரீராமபுரம் என்று பெங்களூரின் எந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பமானாலும், காட்டுக்குக் கிளம்புமுன் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. தாத்தா காலத்து வேட்டைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த அப்பாக்களின் கேள்விகளும், ஆறு வயதுப் பெண்ணை விடியற்காலை ஜீப்பில் ஏற்றத் தயங்கும் அம்மாக்களின் கேள்விகளும் இங்கே அவரவர் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

பொண்ணை ஒரு தடவை மான் வேட்டைக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. லைசென்ஸ் ஏதாவது கிடைக்குமா?

கிடைக்காது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையை முழுக்கத் தடை செய்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் என்ற ஒன்றே இன்று இல்லை. சொந்தத் தோட்டத்துக்குள் மான் வந்தாலும் இதே நிலைதான். பயிரை அழிக்கும் விலங்கு விஷயத்தில்கூட மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

சுட்டால் மட்டும்தான் வேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். துரத்துவது, கண்ணி வைப்பது, இரை போட்டு வரவழைப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள விலங்கென்றாலோ, சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ நடந்தாலோ குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகலாம். ராத்திரியில் காரின் ஹெட்லைட்டைப் போட்டு மான் கூட்டத்தைத் துரத்தி வீடியோ எடுப்பதை விளையாட்டாக நினைக்கும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வேட்டையில் ஒரு தகப்பன் மகளுக்குக் கற்றுக்கொடுக்க விரும்புவது எது? அசையாமல் உட்காருவது, காற்றின் திசை பார்ப்பது, குளம்புத் தடம் படிப்பது, ஒரு சத்தத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிவது. இத்தனையும் துப்பாக்கி இல்லாமலே கைவரும். கீழே வரும் பதில்கள் எல்லாம் அதற்காகத்தான்.

அமெரிக்காவுல என் மச்சான் பன்னிரண்டு வயசு மகளோட மான் வேட்டைக்குப் போறாரே. இங்கே மட்டும் ஏன் கூடாது?

அங்கே ஒவ்வொரு மாநிலமும் வேட்டைப் பருவத்தையும் எண்ணிக்கையையும் நிர்ணயிக்கிறது. உரிமத்துக்கு முன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு, சிறுவர் சிறுமியருக்கென்று தனி நாட்களும் சில மாநிலங்களில் உண்டு. வெள்ளைவால் மான் அங்கே ஏராளம். அதைத் தின்று கட்டுப்படுத்திய ஓநாயும் பூமாவும் பல பகுதிகளில் எப்போதோ ஒழிந்துவிட்டன.

நம் காட்டில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறது. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவு இரை வேண்டும். சிறுத்தைக்கும் செந்நாய்க் கூட்டத்துக்கும் பங்கு தனி. பாண்டிப்பூர்க் காட்டில் நாம் ஒரு மானைக் கொன்றால் அது இன்னொருவர் தட்டிலிருந்து எடுத்ததாகும். மகளிடம் இப்படியே சொல்லலாம். எட்டு வயதுக் குழந்தைக்கும் இது சுலபமாகப் புரியும்.

எத்தனை வயசுல கூட்டிட்டுப் போகலாம்?

மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பன்னேர்கட்டா போதும். மான்கள் வேலிக்குள் இருந்தாலும் கிட்டத்தில் தெரியும், அழுதால் பாதியில் வீடு திரும்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆறு, ஏழு வயதிலிருந்து காட்டுச் சவாரி சரிப்படும். வயதைவிட முக்கியமான அளவுகோல் ஒன்று இருக்கிறது: சொன்னதும் பேச்சை நிறுத்துகிறாளா, கம்பியைப் பிடி என்றால் பிடிக்கிறாளா? இரண்டும் வரவில்லை என்றால் ஒரு வருடம் பொறுப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

பெங்களூர்லேர்ந்து எங்கே போனா நிச்சயமா மான் தெரியும்?

காட்டில் நிச்சயம் என்பது கிடையாது. ஆனால் புள்ளிமான் விஷயத்தில் பாண்டிப்பூர் அதற்கு மிக அருகில் வரும். மைசூர், நஞ்சன்கூடு, குண்ட்லுப்பேட்டை வழியாகச் சுமார் 220 கி.மீ. 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. சவாரிப் பாதையின் இருபுறமும் புதரை வெட்டித் திறந்த பட்டையாக வைத்திருப்பதால், அங்கே முளைக்கும் இளம்புல்லுக்கு மான் கூட்டம் தானே வந்து நிற்கும். கபினி நீர்த்தேக்கத்து ஓரத்துத் தம்மனகட்டெ இன்னொரு நல்ல இடம். நீர்மட்டம் இறங்கும் கோடையில் அங்கே கரைப்புல்லில் மான்கள் பரந்து மேயும். பிலிகிரிரங்கன் மலையில் மேடு பள்ளம் அதிகம், மானைவிட மரம்தான் முதலில் கண்ணுக்குப் படும். முதல் பயணத்துக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரே நாளில் போய்வர வேண்டுமென்றால் தும்கூர் மாவட்டம் மதுகிரி தாலுகாவில் இருக்கும் மைதனஹள்ளிதான். வெளிமான்களுக்காகவே (ஆங்கிலத்தில் பிளாக்பக்) 2007இல் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்ட புல்வெளி அது. சுமார் 800 ஏக்கர் மட்டுமே. யானை, புலி பயம் இல்லை. திறந்த வெளி என்பதால் ஒரு கி.மீ. தொலைவில் நிற்கும் மந்தையும் தெரியும். நேரத்தில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பெங்களூர்க் குடும்பங்கள் இந்த இடத்தை ஏனோ கண்டுகொள்வதே இல்லை.

பாண்டிப்பூருக்குக் காலைச் சவாரி வேண்டுமென்றால் முந்தின இரவே குண்ட்லுப்பேட்டையிலோ காட்டோரத்திலோ தங்கிவிடுங்கள். பெங்களூரிலிருந்து நடுராத்திரியில் கிளம்பி வந்தால் குழந்தை ஜீப்பில் தூங்கிவிடும். காட்டுக்குள் ஓடும் நெடுஞ்சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதையும் கணக்கில் கொள்ளவும். காட்டுத்தீ, விலங்கு தாக்குதல் போன்ற காரணங்களால் வனத்துறை சவாரியையே நிறுத்திவைப்பதும் உண்டு. ஆகவே அறை பதிவு செய்யுமுன் சவாரி நடக்கிறதா என்று விசாரித்துவிடுவது அவசியம். முதுமலை வரை போவதாக இருந்தால் நீலகிரி மாவட்டத்துக்கான இ-பாஸும் தேவைப்படும்.

எந்த மாசம் நல்லது?

மார்ச் முதல் மே வரை தண்ணீர் குறைந்து விலங்குகள் குட்டைகளைத் தேடி வரும். புதர் காய்ந்திருப்பதால் பார்வை தூரம் போகும். வெயிலும் தூசியும் குழந்தைக்குச் சிரமம் என்பதுதான் குறை. புள்ளிமான் கலைகள், அதாவது ஆண் மான்கள், இணைக்காகக் கனைத்துச் சண்டையிடுவதையும் பார்க்க வாய்ப்புண்டு. கொம்போடு கொம்பு உரசும் சத்தத்தைக் கேட்ட குழந்தை அதை மறக்காது.

ஜூனில் முதல் மழை விழுந்த பிறகு புது புல்லுக்கு மந்தைகள் சேரும். என்னைக் கேட்டால் மானுக்கென்றே போகிறவர்களுக்கு இதுதான் சிறந்த சமயம். டிசம்பர், ஜனவரியில் திறந்த ஜீப்பின் காற்று எலும்பைத் துளைக்கும். குல்லாவும் கையுறையும் இல்லாமல் கூட்டிப் போகாதீர்கள்.

எல்லாமே மான்தானே? குழந்தைக்கு எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

புள்ளிமானில் தொடங்குங்கள். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, குட்டியிலிருந்து கிழம் வரை மாறாது. கடமான் பெரிது, சாம்பல் கலந்த பழுப்பு, புள்ளி கிடையாது, கழுத்தில் முரட்டுமயிர், நிழலிலும் தண்ணீரோரத்திலும் நிற்கும். தென்மாவட்டக்காரர்கள் மிளா என்பார்கள். கேளையாடு ஆட்டளவுதான், தனியாகத் திரியும், ஆணுக்கு மேல்தாடையில் சிறு கோரைப்பல் உண்டு. முயலை விடச் சற்றே பெரிய சருகுமானைப் பார்த்தால் அன்றைக்குப் பெரிய அதிர்ஷ்டம். அது உண்மையில் மான் குடும்பமே இல்லை, கொம்பும் கிடையாது.

மைதனஹள்ளியின் வெளிமானும் கண்டிப்பான கணக்கில் மான் அல்ல, ஆடு மாட்டுக் குடும்பம். வித்தியாசம் கொம்பில் இருக்கிறது. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு எலும்பு. கிளை விட்டு வளர்ந்து, ஆண்டுக்கொரு முறை உதிர்ந்து, மறுபடி முளைக்கும். வளரும்போது அதன்மேல் மென்மயிர்த் தோல் போர்த்தியிருக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு உள்ளே எலும்பு, வெளியே நகம் போன்ற உறை. கிளை விடாது, உதிராது.

ஜீப் ஓட்டுநர்கள் கன்னடத்தில்தான் காட்டுவார்கள். ஜிங்கெ என்றால் புள்ளிமான், கடவெ என்றால் கடமான், காடுகுரி என்றால் கேளையாடு, கிருஷ்ணமிருக என்றால் வெளிமான், சீளுநாயி என்றால் செந்நாய், சிரதெ என்றால் சிறுத்தை. இந்த ஆறையும் முந்தின இரவே மகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் ஓட்டுநர் சொன்ன திசையில் உங்களுக்கு முன்னால் அவள் திரும்புவாள்.

என்ன கலர் டிரெஸ் போடணும்?

மான்களின் கண் சிவப்பையும் ஆரஞ்சையும் சரியாகப் பிரித்தறியாது. நீலம் அதற்கு நன்றாகத் தெரியும். வெள்ளையும் பளிச்சென்று தெரியும். ஆகவே காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை நல்லது. பள்ளி பி.டி. வெள்ளைச் சட்டையும் நீல ஜீன்ஸும் வேண்டாம். அதற்காகக் கடைக்குப் போய் ராணுவப் புள்ளி உடை வாங்க வேண்டியதில்லை, வீட்டில் இருக்கும் பழைய பழுப்புச் சட்டை போதும். நிறத்தைவிட அசைவைத்தான் மான் சட்டென்று பிடிக்கும். கை நீட்டிக் காட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். "ரெண்டு மணி" "பத்து மணி" என்று கடிகார முள் கணக்கில் மெதுவாகச் சொல்லப் பழக்கலாம்.

கொலுசு, வளையல், சலசலக்கும் பாவாடை, மல்லிகைப்பூ, சென்ட் எதுவும் அன்று வேண்டாம். மானுக்கு மூக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மை.

சின்னப் பொண்ணுக்கு எந்த பைனாகுலர் வாங்கறது? பொம்மைக் கடைல கிடைக்கிறது போதுமா?

பொம்மை பைனாகுலர் வேண்டவே வேண்டாம். ஒன்றும் தெரியாது, காட்டின்மேலேயே ஆர்வம் போய்விடும். பைனாகுலரில் எழுதியிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பெரியவர்கள் வாங்கும் 8x42 நல்ல கருவி, ஆனால் அரை கிலோவுக்கு மேல் கனக்கும். சிறுமியின் கை நடுங்கினால் எட்டு மடங்கு நடுங்கும். 6x30 அவளுக்குப் பொருத்தம். 8x25 பாக்கெட் வகை இலேசானது, ஆனால் விடியற்காலையில் மங்கலாகத் தெரியும். இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்துப் பார்த்தால் காரணம் புரியும்: 6x30 இல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5 மி.மீ., 8x25 இல் 3 மி.மீ. சொச்சம்.

கடையில் யாரும் சொல்லாத விஷயம் கண்களின் இடைவெளி. ஏழெட்டு வயதில் இரண்டு கண்மணிகளுக்கு நடுவே 5 முதல் 5.5 செ.மீ. வரைதான் இருக்கும். பைனாகுலரை முழுக்க மடக்கி, கண் வைக்கும் இரண்டு கண்ணாடிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 5.5 செ.மீ.க்குக் கீழே வராவிட்டால் அவளுக்கு இரண்டு வட்டமாகத் தெரியும், அல்லது ஓரம் கறுப்படிக்கும். "தெரியலைப்பா" என்று குழந்தை சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பொறுமையின்மை அல்ல.

பழக்குவது வீட்டு மொட்டைமாடியில். வலது முன்கண்ணாடியைக் கையால் மூடி, நடுச் சக்கரத்தைத் திருகி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, வலக்கண் வளையத்தைத் திருகுங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும், அப்புறம் நடுச் சக்கரம் மட்டும்தான். தேடும் முறை ஒன்றே ஒன்று: வெறுங்கண்ணால் பொருளைப் பார், பார்வையை எடுக்காதே, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. எதிர்வீட்டு நீர்த்தொட்டியின் எழுத்து, பிறகு மின்கம்பத்து மைனா, பிறகு பறக்கும் பருந்து. இரண்டு வாரம் தினமும் பத்து நிமிடம் செய்தால் காட்டில் தடுமாற மாட்டாள்.

அவளால அஞ்சு நிமிஷம் சும்மா இருக்க முடியாது. எப்படிச் சமாளிக்கிறது?

சும்மா இரு என்று சொன்னால் எந்தக் குழந்தையும் இருக்காது. செய்ய ஒரு வேலை கொடுத்தால் இருக்கும். காலை ஆறு மணிக்கு லால்பாகிலோ ஹெப்பால் ஏரிக்கரையிலோ ஓரிடத்தில் உட்காருங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம், கேட்ட சத்தங்களை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு பத்து நிமிடம், சத்தம் வந்த திசையைக் கேளுங்கள். நான்காம் ஞாயிற்றுக்குள் இருபது நிமிடம் வந்துவிடும். இந்தப் பயிற்சியின்போது உங்கள் கைப்பேசியும் பையில் இருக்க வேண்டும். நீங்கள் திரையைத் தடவிக்கொண்டு அவளை அடக்கினால் பலிக்காது.

காட்டில் கையில் ஒரு நோட்டு. நேரம், இடம், எத்தனை மான், அதில் கலை எத்தனை, பிணை (பெண் மான்) எத்தனை, குட்டி எத்தனை என்று கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம் கொம்புக்கு: கொம்பு உதிர்ந்தவை, தோல் போர்த்தியவை, கெட்டிக் கொம்பு என்று மூன்று வகை. புள்ளிமானுக்குக் கொம்பு ஒரே மாதத்தில் உதிர்வதில்லை, ஒரே மந்தையில் மூன்றையும் பார்க்கலாம். முப்பது மானைப் பிரித்து எண்ணும் சிறுமிக்குப் பேச நேரமே இருக்காது.

நடுவுல பாத்ரூம் வந்தா என்ன பண்றது?

காட்டுக்குள் ஜீப்பை விட்டு இறங்க முடியாது, எந்தக் காரணத்துக்கும். ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு போய்வரச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே பாலும் ஜூஸும் வேண்டாம். தண்ணீர் சிறு சிறு மடக்காகக் கொடுங்கள். தீனியை ஜீப்பில் பிரிக்காதீர்கள். சிப்ஸ் பாக்கெட்டின் சத்தமே ஒரு மந்தையைக் கலைத்துவிடும். வளைந்த சாலையில் வாந்தி வரும் பிள்ளை என்றால் இரண்டு இட்லியோடு நிறுத்தி, முன்வரிசையில் உட்கார வையுங்கள். திறந்த ஜீப்பில் அவளுக்கு ஓர இருக்கை கூடாது, நடுவில் உட்காரட்டும்.

பாட்டி 'பொம்பளப் புள்ளைக்குக் காடு எதுக்கு'ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்றது?

பெங்களூரில் பிறந்த ஜெ. விஜயா 1982இல் கேரளக் காட்டில், எழுபது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதிருந்த ஓர் ஆமை இனத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அந்தப் பெயரைப் பாட்டிக்குச் சொல்லுங்கள். அதோடு பாட்டியையும் அழைத்துப் போங்கள். கிராமத்தில் வளர்ந்தவர் என்றால் சாணம், புழுக்கை, தடம் பார்ப்பதில் உங்களைவிட அவருக்கே அதிகம் தெரிந்திருக்கும்.

உண்ணி கடிச்சா காய்ச்சல் வரும்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர்க் காட்டு நோய் 1957இல் சிவமொக்கா பக்கம் கண்டறியப்பட்டது. 2012இல் பாண்டிப்பூர்ப் பக்கமும் தென்பட்டது. பரப்புவது உண்ணி. பனிக்காலம் தொடங்கிக் கோடை வரைதான் ஆபத்து அதிகம். ஜீப்பிலேயே இருப்பவர்களுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. மைதனஹள்ளிபோல் புல்லில் நடக்கும் இடத்தில் முழுக்கால் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிவிடுங்கள். திரும்பியதும் குளிக்கும்போது காதுமடல் பின்புறம், அக்குள், இடுப்புமடிப்பு, முழங்கால் பின்பக்கம், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள்.

கடித்திருந்தால் முனை கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்து, சோப்பால் கழுவுங்கள். மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ், தீக்குச்சி எதுவும் கூடாது, எரிச்சல்பட்ட உண்ணி உடம்புக்குள் மேலும் கக்கிவிடும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

டிரைவர் திடீர்னு இன்ஜினை நிறுத்திட்டு 'கால்'னு சொல்றாரு. அது என்ன?

ஆங்கிலத்தில் call, அதாவது விலங்குகளின் எச்சரிக்கைக் குரல். புள்ளிமான் கீச்சென்று கூவும், வாலைத் தூக்கி முன்காலால் தரையைத் தட்டும். கடமான் ஹார்ன் அடித்ததுபோல் ஒற்றைக் கனத்த குரல் கொடுக்கும். கேளையாடு நாய்போலக் குரைக்கும், விட்டுவிட்டு வெகுநேரம். மரத்துமேல் லங்கூர் குரங்கு கரகரப்பாக இருமும். லங்கூரும் புள்ளிமானும் கூட்டாளிகள்: மேலே இருப்பது தூரம் பார்க்கும், பழமும் இலையும் உதிர்க்கும், கீழே இருப்பது மோப்பம் பிடிக்கும்.

எல்லாக் குரலும் ஒரே எடை அல்ல. புள்ளிமான் சின்ன அதிர்ச்சிக்கும் கூவிவிடும். கடமான் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால் புலியோ சிறுத்தையோ அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். மகளைக் கண்ணை மூடச் சொல்லி, குரல் வந்த திசைக்கு மூக்கைத் திருப்பச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறந்து மான்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஒப்பிடட்டும். இரண்டும் பொருந்தினால் அங்கேதான் விஷயம். கால் மணி நேரம் காத்திருக்கலாம். அதற்குமேல் குரல் நின்று மான்கள் தலை குனிந்து மேயத் தொடங்கினால் வந்தவர் போய்விட்டார்.

புலி தெரியலைன்னா ஏமாந்து போயிடுவாளே?

வீட்டிலிருந்து கிளம்பும்போதே "புலி பார்க்கப் போறோம்" என்று சொன்னால் ஏமாறத்தான் செய்வாள். மான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லுங்கள், அதையே உண்மையாக நினைத்துப் போங்கள். மானைக் கண்டதும் "ப்ச், மான்தான்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்த ஜீப்பில் இருக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் மான் மலிந்துவிடும். அந்த வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம்.

புல்லுக்குள்ள குட்டி மான் தனியா கிடந்தா எடுத்துக் காப்பாத்தலாமா?

தொடவே கூடாது. பிறந்து சில நாட்களுக்குத் தாய் குட்டியைப் புல்லில் ஒளித்துவைத்துவிட்டுத்தான் மேயப் போகும். குட்டி அசையாமல் கிடப்பது அனாதை என்பதால் அல்ல, அதுதான் அதன் தற்காப்பு. நீங்கள் நின்று பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் தாய் திரும்பி வர முடியாத நிமிடம். மெதுவாக விலகிவிடுங்கள். காயம் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு வனக்காவலரிடம் சொல்லுங்கள். சாலையோர மானுக்கு பிஸ்கட், வாழைப்பழம் போடுவதும் இதே ரகம். வண்டி சத்தத்துக்கு ஓடாமல் கிட்டே வரப் பழகிய மான் ஏதாவது ஒரு லாரியில் அடிபடும்.

கீழே விழுந்து கிடக்கிற கொம்பை எடுத்துக்கலாமா? ஊர்ல தாத்தா வீட்டுச் சுவர்ல இருக்கிற கொம்பை பெங்களூருக்குக் கொண்டு வரலாமா?

உதிர்ந்த கொம்பும் அரசு சொத்து. தானாக விழுந்ததுதானே என்ற வாதம் நிற்காது. காட்டில் அதற்கு வேலையும் இருக்கிறது: முள்ளம்பன்றி அதைக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்து எடுத்துக்கொள்ளும். மகள் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் வனத்துறை அருங்காட்சியகத்தில் அனுமதி கேட்கலாம்.

சுவர்க் கொம்புக்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சான்றிதழோடு வாரிசுரிமையாக வந்திருந்தால் 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்கவே முடியாது. சான்றிதழ் இல்லாத கொம்பை டிக்கியில் போட்டு ஓசூர்ச் சோதனைச் சாவடியைத் தாண்ட முயல வேண்டாம். உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள். பூஜை அறை மான்தோலும் இதே சட்டத்துக்குள்தான் வரும்.

ரிசார்ட் பக்கத்துல மான் கறி கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னாரு...

அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சமைத்த கறியும் பச்சைக் கறியும் சட்டத்துக்கு ஒன்றுதான், வாங்கியவரும் குற்றவாளி. பலநேரம் அது ஆட்டுக்கறியாகவே இருக்கும். ஆனால் கேட்பவர் இருப்பதால்தான் காட்டுக்குள் கம்பிக் கண்ணி விழுகிறது. அந்தக் கண்ணியில் மான் மட்டும் சிக்குவதில்லை, சிறுத்தையும் புலியும் இடுப்பு அறுபட்டுச் சாகின்றன.

அவளுக்கு உண்மையிலேயே குறி பார்த்துச் சுடத்தான் ஆசை. என்ன செய்யலாம்?

அந்த ஆசையில் தவறில்லை. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் சேர்த்துவிடுங்கள். 4.5 மி.மீ. குண்டு, இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மி.மீ. விளையாட்டுத் துப்பாக்கி ஐந்தரை கிலோ வரை கனக்கும் என்பதால் பத்துப் பதினொரு வயதுக்குமுன் அவசரம் வேண்டாம். ஆரம்பத்தில் தாங்கி மேல் வைத்துச் சுடப் பழக்குவார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தப் பிரிவில்தான் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். மூச்சை அடக்கிக் காத்திருக்கக் காட்டில் கற்றது அங்கே அப்படியே உதவும். ஆனால் ஏர்கன்னை ஊருக்கு எடுத்துப் போய்ப் புறா, முயல் என்று பழகுவது முதல் கேள்வியில் சொன்ன அதே குற்றம்.

கண் முன்னாடியே செந்நாய் மானைப் பிடிச்சா குழந்தைகிட்ட என்ன சொல்றது?

பாண்டிப்பூரிலும் கபினியிலும் இது நடக்கக்கூடியதே. செந்நாய் பகலில் கூட்டமாக வேட்டையாடும். புலியைப்போல் கழுத்தைக் கவ்வி முடிப்பதில்லை. ஓடவைத்துச் சாய்த்து, உயிர் போகுமுன்பே தின்னத் தொடங்கிவிடும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சில நிமிடங்கள் பார்ப்பதற்குக் கடினம். கிளம்புமுன் வீட்டிலேயே இதைப் பற்றி ஒருமுறை பேசிவிடுவது நல்லது: "காட்டில் மானைத் தின்கிற விலங்கும் இருக்கும், அதையும் பார்க்க நேரலாம். பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் என் மடியில் முகம் வைத்துக்கொள்."

நடக்கும்போது கண்ணைப் பொத்திவிடாதீர்கள், பார் பார் என்று தூண்டவும் செய்யாதீர்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். திரும்பிக்கொண்டால் தோளில் கை போட்டு, ஓட்டுநரிடம் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் படம் எடுக்க நிற்கச் சொன்னாலும் குழந்தை இருக்கிறது என்று சொல்லலாம். கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். "மானுக்கு வலிக்குமா?" என்றால் "வலிக்கும், சீக்கிரம் நின்றுவிடும்." "நாம காப்பாத்தக் கூடாதா?" என்றால் "கூடாது, செந்நாய்க்கும் குட்டிகள் பொந்தில் காத்திருக்கும்." அவை தின்ற கறியை வயிற்றில் கொண்டுபோய்க் குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கும் என்பதையும் சொல்லலாம். "மான் தூங்குது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் பார்த்தது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

அன்றிரவு தூங்குமுன் நோட்டை எடுத்து அன்றைய கட்டங்களை இருவருமாக நிரப்புங்கள். எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து எழுதலாமா என்று அவளே கேட்கக்கூடும். எழுதட்டும்.